மேலக்காவும் பெரிய அத்தானும்

புது ஆல்பம் வெளிவந்த அன்று இரும்புக் கிடங்கின் சாப்பாட்டு அறையில் மேலக்கா செய்த ரகளையை யாரும் மறக்கவில்லை. அவளுக்கு உயிரான பாடகர் பல வருஷம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு அப்போதுதான் மறுபடி பாடியிருந்தார். அவர் கதை முடிந்தது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதித் தீர்த்தபோதெல்லாம், பாடுவார் பாருங்கள் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். முதல் பாட்டைப் போனில் போட்டு, மேசை நடுவில் வைத்து, எல்லோரையும் மெல்லுவதை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு பாதி போவதற்குள் கண்ணைத் திறந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

"குரல் போச்சு," என்றாள். "வார்த்தையெல்லாம் வாய்க்குள்ளயே மென்னு முழுங்குறார். மேல போற இடத்துல ஒண்ணுமே இல்ல, வெறும் காத்து."

மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பாட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்வதற்கு ஒரு நெஞ்சுத் துணிச்சல் வேண்டும். அது அவள் தம்பிக்கு மட்டும்தான் இருந்தது.

"நல்லாத்தானக்கா இருக்கு. பெரிய அத்தான் அப்படியேதான் இருக்காரு," என்றான்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். உனக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும், லாரி ஹாரன் அடித்தாலும் தலையாட்டுகிற ஆள்தானே நீ என்று ஆரம்பித்து, அவன் சின்ன வயதில் செய்த தப்பெல்லாம் வரைக்கும் போய், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு நியாயமெல்லாம் அப்புறம்தான். அன்று சாயங்காலமே, தான் ஆரம்பித்த ரசிகர் குழுவில், அவர் இனிப் பாடாமல் இருப்பதே மரியாதை என்று எழுதிப் போட்டாள். ஆளாளுக்கு அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நீங்களெல்லாம் காது இருந்தும் செவிடர்கள் என்று பதில் எழுதிவிட்டுக் குழுவை விட்டே வெளியே வந்தாள்.

மேலக்கா என்பது கிடங்கில் அவளுக்கு விழுந்த பெயர். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய கிரேனை ஓட்டுபவள் அவள். காலையில் இரும்பு ஏணியில் ஏறிக் கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். பொம்பளை ஏணி ஏறுவதாவது என்று சொன்ன ஒரு மேனேஜர் முன்னாலேயே ஏறிக் காட்டி வாங்கிய இடம் அது. முதல் நாள் மேலே போனதும் கை கால் உதறியதாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவருடைய பாட்டு ஒன்றை உரக்கப் பாடினாளாம், உதறல் நின்றதாம். அன்றிலிருந்து பாடாமல் அவள் ஒரு தகட்டைக்கூடத் தூக்கியதில்லை. கீழே இருப்பவர்கள் அவள் எந்தப் பாட்டைப் பாடுகிறாள் என்பதை வைத்தே, இன்றைக்கு அவளிடம் கடன் கேட்கலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள்.

பெரிய அத்தான் என்பது தம்பி வைத்த பெயர். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவள் புத்தக அட்டைக்குள் அந்தப் பாடகரின் படம்தான் இருக்கும். அக்கா கட்டிக்கப்போகிற ஆள் என்று தம்பி அப்போதே அத்தான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். பிறகு அவளுக்கு ஒரு தையல்காரரோடு கல்யாணம் ஆனதும் சிக்கல் வந்தது. தம்பியே தீர்ப்பும் சொன்னான்: முதலில் வந்தவர் பெரிய அத்தான், அடுத்து வந்தவர் சின்ன அத்தான். தையல்காரர் நல்ல மனுஷன். இரண்டாம் இடத்தை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார். மகள் பிறந்தபோது வலி தாங்காமல் மேலக்கா பாடிய பாட்டில் டாக்டரம்மா எரிந்து விழுந்ததும், வெளியே இருந்த அவர், "பாடுறான்னா நல்லாத்தான் இருக்கான்னு அர்த்தம்ங்க," என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தம்பிக்குக் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அவன் வேலை அவளுக்கு நேர் கீழே. தகட்டுக் கட்டுக்குச் சங்கிலி மாட்டி, கிரேன் கொக்கியில் கோத்துவிட்டு, தள்ளி நின்று விசில் ஊதுவான். நீளமாக ஒன்று என்றால் நிறுத்து. குட்டையாக இரண்டு என்றால் தூக்கு. மூன்று என்றால் இறக்கு. ஆள் கண்ணில் பட்டால் கையாட்டினாலே போதும். தகட்டு அடுக்குக்குப் பின்னால் மறைந்துவிட்டால் விசில்தான் எல்லாம். வாக்கி-டாக்கி வாங்கித் தருவதாக நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது வருகிற மாதிரி தெரியவில்லை.

ரகளை நடந்து சில வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடி அவருடைய பழைய ஆல்பத்தைப் போட்டாள். புதுசு போனால் போகட்டும், பழசை யார் பிடுங்க முடியும்? ஒவ்வொரு பாட்டாகக் கூடவே பாடினாள். மத்தளம் புகுகிற இடம், கிடார் தனியாக நிற்கிற இடம், அவர் குரலை ஒரே இழுப்பில் உச்சிக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் நடுங்கவிட்டு விடுகிற இடம், எதுவும் பிசகவில்லை. மனசு லேசாகியிருந்தது. கடைசிப் பாட்டு முடிகிற நேரத்தில் கல்லூரியிலிருந்து மகள் வந்தாள். வந்ததும் வராததுமாகச் சண்டை.

"எத்தனை தடவைம்மா கூப்பிடறது? போன ஏன் ஆஃப் பண்ணி வச்சிருக்க?"

இப்போதுதானே பாட்டு ஓடி முடிந்தது என்றாள் மேலக்கா. மகள் அலமாரியிலிருந்த போனை எடுத்து நீட்டினாள். திரை கறுப்பாக இருந்தது. சார்ஜ் சுத்தமாக இல்லை. அடுத்த அறையில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவள் கணவர் குரல் கொடுத்தார்.

"அது முதல் பாட்டுலயே நின்னுபோச்சே. நீ பாட்டுக்குப் பாடிட்டு இருந்த, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டேன்."

மேலக்கா கத்தியைக் கீழே வைத்தாள். கூடப் பாடினாள் என்றால் பரவாயில்லை. அவள் கேட்டிருந்தாள். மத்தளத்தைக் கேட்டாள், கிடாரைக் கேட்டாள், அவர் மூச்சு இழுப்பதைக்கூடக் கேட்டாள். அணைந்து கிடந்த போனிலிருந்து.

சார்ஜ் ஏறியதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புதுப் பாட்டைப் போட்டுக் காதோடு அழுத்திக்கொண்டாள். அதே முனகல், அதே காற்று. பழைய பாட்டு ஒன்றைப் போட்டாள். கண்ணாடி மாதிரி துலக்கமாகக் கேட்டது. போனை அணைத்தாள். பாட்டு நிற்காமல் தொடர்ந்தது. அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. குரல் போனது அவருக்கு இல்லை. இத்தனை வருஷ இரும்புச் சத்தத்தில் அவள் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. போன இடத்தையெல்லாம் மனப்பாடம் வந்து நிரப்பிக்கொண்டே இருந்ததால் போனதே தெரியவில்லை. மனப்பாடம் ஆகாத ஒரே பாட்டில்தான் குட்டு உடைந்திருக்கிறது.

முதலில் வந்தது வெட்கம். ஊரைக் கூட்டி அந்த மனுஷனைத் திட்டியிருக்கிறாளே. அதற்கு அடுத்து வந்ததுதான் பயம். விசில்?

மறுநாள் கேபினில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். தம்பி அடுக்குக்குப் பின்னால் குனிந்தான். இரண்டு விசில் கேட்டது. நன்றாகவே கேட்டது. தூக்கினாள், சரியாக இருந்தது. அடுத்ததும் கேட்டது. ஆனால் அது காதுக்குக் கேட்டதா, அவன் எப்போது ஊதுவான் என்று தெரிந்ததால் கேட்டதா? சங்கிலியை மாட்டுவான், தகட்டை பூட்ஸால் ஒரு உதை உதைப்பான், பின்னால் நகர்வான், ஊதுவான். அவன் வேலைக்கு வந்த நாளிலிருந்து அதே வரிசை, அதே இடைவெளி. அவர் பாட்டைவிட இது அவளுக்கு அதிக மனப்பாடம்.

போன வருஷ மெடிக்கல் செக்கப்பும் நினைவுக்கு வந்தது. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, பீப் சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். அந்த நர்ஸ் பொத்தானை ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தாள். இவளும் ஒரே சீராகக் கையைத் தூக்கினாள். காது பிரமாதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை. அவளுக்கு அத்தனை பீப்பும் கேட்டது.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று அன்றே மாற்றினாள். சொன்னால் அந்த நிமிஷமே கீழே இறக்கிவிடுவார்கள். போல்ட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர் ரூமில் மிச்ச காலத்தைத் தள்ள வேண்டும். மேலே இல்லாத மேலக்காவை யார் என்னவென்று கூப்பிடுவார்கள்? கண்ணை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றினாள். குனிந்து குனிந்து தம்பியின் முழங்கையை, தொப்பியை, நிழலைப் பார்த்துப் பார்த்துத் தூக்கினாள். பாடுவதை நிறுத்திவிட்டாள். கிரேன் மேலே சத்தமில்லை என்றதும் கீழே எல்லோரும் வாலைச் சுருட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். வீட்டிலும் சிடுசிடுவென்று விழுந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. தினமும் ஏணி இறங்கும்போது, இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு மூச்சு விடுவாள். இப்படி எத்தனை நாள் தள்ள முடியும் என்பதை மட்டும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை பெரிய சரக்கு வந்து இறங்கியது. அடுக்குகள் ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டன. தம்பி பின்னால் போனதும் அவன் தொப்பிகூடத் தெரியவில்லை. மேலக்கா காத்திருந்தாள். சங்கிலி, உதை, நகர்வு என்று மனசுக்குள் எண்ணினாள். இரண்டு விசில். கேட்டது, சந்தேகமே இல்லை. கைப்பிடியை இழுத்தாள்.

கொக்கி மேலே ஏறியது. சங்கிலி விறைத்தது. எங்கிருந்தோ மொட்டை ஓடி வந்தார். மொட்டை என்பவர் கிடங்கிலேயே மூத்த சங்கிலிக்காரர், ஓடுவதையே விட்டுவிட்டவர். இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசிக்கொண்டு அவர் ஓடி வருவதைப் பார்த்ததும் நிறுத்தினாள். கட்டு தரையை விட்டு எழும்பி ஆடிக்கொண்டிருந்தது. சங்கிலிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கையுறை நசுங்கித் தொங்கியது. அதற்குள் கை இருக்கிறதா இல்லையா என்று மேலேயிருந்து தெரியவில்லை.

கேபின் கதவைத் திறந்துகொண்டு எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தம்பி தரையில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் இருந்தது. புறங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கையுறை சங்கிலியில் மாட்டிக்கொள்ள, அதை விடுவித்துக்கொண்டிருந்த நேரம். கடைசி நொடியில் கையை உருவிக்கொண்டிருக்கிறான்.

சூப்பர்வைசர் வந்தார். யார் ஊதியது என்று கேட்டார். தம்பி அக்காவைப் பார்க்கவே இல்லை.

"நான்தான் சார். அவசரப்பட்டு ஊதிட்டேன்."

இது சின்னத் தப்பு இல்லை என்றார் சூப்பர்வைசர். கையைச் சங்கிலியில் வைத்துக்கொண்டு ஊதுகிறவனை இங்கே வைத்துக்கொள்ள முடியாது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போ, நாளைக்கு முடிவு சொல்கிறேன் என்றார். முகத்தில் ஈயாடாமல் நின்ற மேலக்காவை, ஆள் பயந்துவிட்டாள் என்று நினைத்து, தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

கை கழுவும் இடத்தில் அவனைப் பிடித்தாள். குழாயில் கையை நீட்டிக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றிருந்தான்.

"நீ ஊதலதான?" என்றாள்.

அவன் குழாயை மூடிவிட்டு அவளுக்கு நேராகத் திரும்பினான். "ஊதல. உனக்குக் காது சரியில்லன்னு எனக்குத் தெரியும்க்கா. புதுப் பாட்டைக் கேட்டு நீ கத்தின அன்னைக்கே தெரியும். அதான் பழைய மாதிரியே மாத்தாம ஊதிட்டு இருந்தேன். கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா உனக்குப் புரியாதுன்னு."

மேலக்கா தன் இடத்தையும் அவன் அவளையும் காப்பாற்றுவதாக நினைத்து இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கொக்கிக்குக் கீழே அவன் கையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அவனை ஓங்கி ஒரு அறை அறையலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. நேரே சூப்பர்வைசர் அறைக்குப் போனாள். தம்பி பின்னாலேயே, வேண்டாம் வேண்டாம் என்று ஓடி வந்தான்.

சூப்பர்வைசர் நம்பவில்லை. தம்பிக்காக அக்கா பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தார். போன வருஷம்கூட காது பாஸ்தானே என்றார். மேலக்கா பிடிவாதம் பிடித்தாள். தகடு வெட்டுகிற மெஷின் வழக்கம்போலச் சத்தமாக ஓடட்டும், நான் மேலே உட்காருகிறேன், கொக்கியில் ஒன்றும் மாட்ட வேண்டாம், அடுக்குக்குப் பின்னால் நின்று ஊதச் சொல்லுங்கள் என்றாள். சரி, உன் ஆசையைக் கெடுப்பானேன் என்று அவர் ஒத்துக்கொண்டார். கிடங்கே வேடிக்கை பார்க்கக் கூடியது.

முதலில் தம்பியே விசிலோடு போனான். கட்டுப் போட்ட கையோடு அடுக்குக்குப் பின்னால் மறைந்தான். மேலே அவளுக்கு இரண்டு விசில் கேட்டது. கொக்கியைத் தூக்கினாள். மூன்று கேட்டது. இறக்கினாள். ஒன்றும் பிசகவில்லை. கீழே சூப்பர்வைசர் இதைத்தான் சொன்னேன் என்பதுபோல் கையை விரித்தார். மேலக்கா கேபின் கதவைத் திறந்து, தலையை நீட்டி, கீழே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அவன் வேணாம் சார். அவன் எனக்குத் தகுந்த மாதிரி ஊதுவான். மொட்டை அண்ணன்கிட்ட கொடுங்க."

தம்பி விசிலைக் கொடுக்க மாட்டேன் என்று கையை மடக்கிக்கொண்டான். சூப்பர்வைசர் அதட்டிய பிறகுதான் கொடுத்தான். மொட்டை அதை வாங்கிக்கொண்டு அடுக்குக்குப் பின்னால் போனார்.

மேலக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட வேண்டும் என்றும் நினைத்தாள். ஒருவேளை காது அவ்வளவு மோசம் இல்லையோ, ஒருவேளை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமோ? அந்த ஆசையோடு கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தாள். அப்போது கேட்டது. குட்டையாக, சுத்தமாக, இரண்டு. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தூக்கினாள்.

கொக்கி மேலே மேலே போனது. கீழே யாரும் அசையவில்லை. எல்லா முகங்களும் கொக்கியைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. அவள் கேபினைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி அடுக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மொட்டை சட்டை நுனியில் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்தவன் எச்சில் பட்டதாயிற்றே. துடைத்து முடித்து இன்னும் வாயில் வைக்கவில்லை. தன்பாட்டுக்கு ஏறுகிற கொக்கியை அவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலக்கா கிரேனை நிறுத்தினாள். சாவியை எடுத்தாள். ஏணியில் இறங்கும்போது ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கினாள். கீழே வந்து சாவியைச் சூப்பர்வைசர் கையில் வைத்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அவளை ஸ்டோருக்கு மாற்றினார்கள். தம்பி வேலை தப்பியது. காதுக்கு மெஷின் கொடுத்தார்கள். அதை மாட்டினால் பேச்சு புரிந்தது. பாட்டு மட்டும் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுவது மாதிரி இருந்தது. இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி கொஞ்ச நாள் அவளோடு பேசவில்லை. நீ மேலே இல்லாத கிடங்கில் எனக்கு என்ன வேலை என்று ஒரே ஒரு தடவை சண்டை போட்டான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே அவனை வீட்டுக்கு வரச் சொன்னாள். வந்தவனை எதிரே உட்கார வைத்து, புதுப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னாள். மனப்பாடம் ஆகிவிட்டால் அப்புறம் எனக்கே கேட்கும் என்றாள்.

அவனுக்குப் பாட்டு என்றால் காத தூரம். சுருதி கிடையாது, தாளம் கிடையாது, உச்சிக்குப் போகிற இடத்தில் கழுத்து நரம்பு புடைக்குமே தவிர குரல் ஏறாது. ஆனாலும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் போனில் கேட்டு, அவள் காது மெஷினுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பாடினான். அவள் திருப்பிச் சொன்னாள். தப்பென்றால் மறுபடி பாடினான். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். மகள் வாசலில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. வெயில் சாய்கிறவரை இது நடந்தது. கடைசியில் ஒரு தடவை முழுப் பாட்டையும் தானாகவே சொல்லிப் பார்த்துவிட்டு மேலக்கா காது மெஷினைக் கழற்றி வைத்தாள். போனை மடியில் வைத்துப் பாட்டைப் போடச் சொன்னாள்.

கேட்டது. ஒரு சொல் விடாமல் கேட்டது. ஆனால் வந்தது பெரிய அத்தான் குரல் இல்லை. தம்பியின் குரல்தான் வந்தது. சுருதி இல்லாமல், மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே ஏற முடியாமல், அவன் பாடினபடியே.

"கேக்குதாக்கா?" என்று அவள் முகத்தைப் பார்த்து வாயசைத்தான்.

கேட்கிறது என்று தலையாட்டினாள். அவனுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்துவிட்டது என்று அவன் சொன்ன பிறகும் விடவில்லை.